துணியா, டயப்பரா? சிவந்துவிட்டால் எந்தக் களிம்பு?

கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு வராமல் போகாது. "டயப்பர் போடாதே, சூடு பிடிச்சிடும்" என்பார் மாமியார். "துணியே கட்டினா ராத்திரி யார் எழுந்து எழுந்து மாத்துறது?" என்று மருமகள் மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் வீட்டில் ஆள் இருந்தால் துணி. இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர். சிவந்துவிட்டால் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள க்ரீம். அப்புறமும் இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் டாக்டர். இதில் எந்த வீட்டுக்கு எது எவ்வளவு பொருந்தும் என்பது, குழந்தையை மாற்றிவிட எந்த நேரத்தில் யாருக்குக் கை ஒழிகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்தச் "சூடு" சமாசாரம். அம்மா மாம்பழம் சாப்பிட்டதால் குழந்தைக்குப் புண் வந்தது என்று இன்னும் சொல்கிறார்கள். பாவம், பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட இது ஒரு சாக்கு. நடப்பது வேறு. குழந்தையின் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதுதான் அதற்குக் காவல். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. உடனே அந்த இடம் காரத்தன்மைக்கு மாறுகிறது. மலத்தில் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கிற நொதிகள் மிச்சம் இருக்கும், அவை காரத்தில்தான் வேகம் எடுக்கும். செரிக்க உணவு இல்லை, தோல் இருக்கிறது. ஏற்கெனவே ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும் தோல் துணியோடு உரசி உரசிச் சிராய்த்துக்கொள்கிறது. ஆக, மூத்திரம் மட்டும் நின்றால் தொல்லை கொஞ்சம், மலம் மட்டும் நின்றால் அதைவிட அதிகம், இரண்டும் கலந்து நின்றால்தான் பெரிய சேதம்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலத்தில் காரம் குறைவு, அதனால் புண்ணும் பொதுவாகக் குறைவு. 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் தொல்லை உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் அப்போது இட்லி, சாதம், பழம் என்று வயிற்றுக்குள் புதுசு புதுசாகப் போகிறது, மலத்தின் தன்மை மாறுகிறது, குழந்தை உட்கார்ந்தே நகர்கிறது. வயிற்றுப்போக்கு வந்த வாரமும், ஆன்டிபயாடிக் கொடுத்த வாரமும் கட்டாயம் கவனிக்க வேண்டிய வாரங்கள்.

எதைக் கட்டுவது?

நம் ஊர் நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. பழைய வேட்டியையோ பருத்திப் புடவையையோ கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டுகிற துணி ஒன்று. உள்ளே உறிஞ்சும் பட்டை வைத்து, பட்டன் போட்டு, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிற துணி டயப்பர் இரண்டாவது. ஒரு முறை போட்டுத் தூக்கிப் போடுகிற டயப்பர் மூன்றாவது.

முக்கோணத் துணியின் பலமே அது ஒன்றையும் மறைக்காது என்பதுதான். நனைந்தால் உடனே தெரியும், குழந்தை சிணுங்கும், அதைத் தூக்கி வைத்திருக்கிறவர் மடியும் நனையும். வேறு வழியே இல்லாமல் மாற்றுவீர்கள். காற்றும் போகும். பல முறை துவைத்து நைந்த வேட்டித்துணியைவிட மென்மையான துணியைக் கடையில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அது ஈரத்தைத் தோலிலிருந்து பிரித்து வைக்காது. மாற்ற ஆள் இல்லாத நேரத்தில் அதே துணி ஈரத்தை அப்படியே தோலோடு ஒட்டி வைத்திருக்கும். பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு இருபது தடவைகூட மூத்திரம் போகும். ஒவ்வொரு தடவையும் மாற்ற, அலச, துவைக்க, காயவைக்க, மடிக்க ஆள் வேண்டும். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டில் இருக்கும்போது இது நடக்கும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில், கணவர் ஆபீஸ் போன பிறகு, தனியாக இருக்கிற பெண்ணிடம் "நாங்களெல்லாம் டயப்பரா போட்டோம்?" என்று கேட்பது நியாயமே இல்லை.

துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாய் நனையாது, உண்மைதான். பாயைக் காப்பாற்றிவிட்டுக் குழந்தையை ஊறப்போடுகிறோம். மூன்று வழிகளிலும் சேராத இந்த நாலாவதை மட்டும் தயங்காமல் விட்டுவிடலாம்.

துணி டயப்பர் நடுவாந்தரம். தோலைத் தொடும் பக்கம் ஈரத்தைக் கீழே இறக்கிவிடுகிற மெல்லிய துணி இருக்கும்படி பார்த்து வாங்கினால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். மைக்ரோஃபைபர் பட்டை என்றால் அதை நேராகத் தோலில் படும்படி வைக்கக் கூடாது, தோலின் பசையையும் சேர்த்து இழுத்துவிடும். வாங்கும்போது விலை ஏறத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் கணக்குப் போட்டால் மிச்சம்தான். ஆனால் துவைப்பதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு.

துவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் துணி கட்டியும் புண் வருகிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். உப்புத்தண்ணீர் வருகிற போர்வெல் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காது, அதனால் பவுடரை அள்ளிப் போடுகிறோம். அலசும்போது அது முழுக்கப் போகாது. காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். உங்கள் வீட்டுத் துணியில் சோப்பு தங்குகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. துவைத்துக் காய்ந்த நாப்பி ஒன்றை நல்ல தண்ணீர் உள்ள வாளியில் போட்டு, கையால் நான்கைந்து முறை கசக்குங்கள். தண்ணீர் கலங்கினாலோ, வாளி ஓரத்தில் நுரை வளையம் கட்டினாலோ, அந்தச் சோப்பு மூத்திரம் பட்டதும் குழந்தையின் தோலில்தான் இறங்கியிருக்கும். பவுடரைப் பாதியாக்குங்கள், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள். கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைப்பதும், வாசனைக்கு ஊற்றுகிற துணி கண்டிஷனரும் வேண்டாம். முதலாவது தோலை எரிக்கும், இரண்டாவது துணியின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போட்டால் போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மட்டும் திட்டம் தடுமாறும். பாதி காய்ந்த துணியைக் கட்டுவதற்குப் பதில் அந்த வாரங்களில் டயப்பரை நாடுவதில் ஒரு தப்பும் இல்லை.

இனி டயப்பர். 1980-களில் இதற்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்கிற பாலிமர் பொடி வந்தது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரை இழுத்துக் கெட்டியான கூழாக்கி வைத்துக்கொள்ளும். நனைந்த டயப்பரைப் பிரித்துப் பார்த்தால் ஜவ்வரிசி போல் தெரிவது அதுதான். மூத்திரம் தோலை விட்டு விலகிப் போவதால் ஈரத்தின் தொல்லை கணிசமாகக் குறைகிறது. டயப்பர் என்றாலே புண் என்ற எண்ணம் இந்தப் பொடி வருவதற்கு முந்தைய காலத்தது. அதற்காக டயப்பர்தான் துணியைவிட மேல் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளை எடைபோட்டுச் சொல்கிற சர்வதேச அமைப்பின் அறிக்கை), ஒன்றை ஒன்று வென்றது என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான தரமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

எனக்குத் தெரிந்து டயப்பரின் சிக்கல் அதன் கெட்டிக்காரத்தனத்தில்தான் இருக்கிறது. மேலே தொட்டால் உலர்ந்தாற்போல் இருக்கும், குழந்தை அழாது, நாமும் மறந்துவிடுவோம். பாக்கெட்டில் "12 மணி நேரம்" என்று போட்டிருப்பது மூத்திரத்தை உறிஞ்சுகிற கணக்கு. அந்தப் பொடி மலத்தை இழுக்காது. மலம் தோலோடுதான் ஒட்டிக் கிடக்கும், மேலே மூத்திரமும் சேர்ந்தால் முன்னே சொன்ன அம்மோனியா கதை முழுசாக அரங்கேறிவிடும். ஆகவே மூத்திரம் மட்டும் என்றால் பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை மாற்றலாம், மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். "இப்போதுதானே போட்டேன், பதினைந்து நிமிஷம்கூட ஆகலையே" என்று தோன்றும். தோன்றட்டும், மாற்றுங்கள்.

இங்கேதான் காசு குறுக்கே வருகிறது. ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். அந்தக் கணக்கு மனசில் ஓடுவதால்தான் நாலு மணி நேரம் ஆறு மணி நேரமாகிறது. பட்ஜெட் இழுபறியாக இருந்தால் டயப்பரை நீட்டி ஓட்டாதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். இரவுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, மீதி நேரம் துணி. விலை உயர்ந்த டயப்பரை நாள் முழுக்கப் போட்டு வைப்பதைவிட இது பல மடங்கு நல்லது.

இரவுக்கு நான் டயப்பர் பக்கம்தான். குழந்தையும் தூங்க வேண்டும், தாயும் தூங்க வேண்டும். படுக்கப் போகும்முன் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போட்டால் மூத்திரத்துக்காக மட்டும் எழுப்பத் தேவையில்லை. நடுராத்திரி மலம் போய்விட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். டயப்பர் இடுப்பில் தடம் பதிகிற அளவுக்கு இறுகினால் அடுத்த சைஸ் வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற கிலோ கணக்கு எல்லாக் குழந்தைத் தொடைக்கும் ஒத்துவராது. க்ரீச்சில் விடுகிறவர்களுக்கும் டயப்பர்தான் வசதி, அங்கே ஒருவரே பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். மலம் போனதும் மாற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

(தூக்கிப் போடும்முன் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டித் தாளில் பொதிந்து குப்பையில் தனியாகப் போடுங்கள். கழிவறைக்குள் போட்டால் அந்தப் பொடி ஊதிக் குழாயையே அடைத்துவிடும்.)

எதைக் கொண்டு துடைப்பது என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். வீட்டில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். வெளியில் வைப்ஸ் பயன்படுத்தலாம். வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததாகப் பாருங்கள், மீத்தைல்ஐசோதயசோலினோன் (கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம்) என்று லேபிளில் இருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள். பலருக்கு அலர்ஜி தருவதால், கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் ஐரோப்பா அதை 2017-ல் தடுத்துவிட்டது. ஏற்கெனவே தோல் வெடித்திருந்தால் எந்த வைப்ஸும் எரியும், தண்ணீருக்கே திரும்புங்கள்.

எதைப் பூசுவது?

முதல் மருந்து கடையில் கிடைக்காது: காற்று. சிவந்திருக்கிற குழந்தையைப் பழைய துணி விரித்து அதன்மேல் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை. பாய் நனையும், தரை நனையும், பரவாயில்லை. இந்த விஷயத்தில் பாட்டிமார் சொல்வதை அப்படியே கேட்கலாம்.

தேங்காய் எண்ணெய் நல்லதா என்றால், சிவக்காத தோலுக்குத் தாராளமாக நல்லது. தோல் வறளாமல் வைத்திருக்கும். ஆனால் அதன் படலம் மெல்லியது, மூத்திரம் இரண்டு தடவை பட்டால் போய்விடும். பெட்ரோலியம் ஜெல்லி அதைவிடக் கெட்டியாக நிற்கும், விலையும் குறைவு. தினசரித் தடுப்புக்கு, குறிப்பாக இரவு டயப்பருக்கு முன், எனக்குப் பிடித்தது இதுதான்.

சிவந்த பிறகு இரண்டுமே கொஞ்சம் மெலிவு. அப்போது ஜிங்க் ஆக்ஸைடு. அது தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடி, க்ரீமில் குழைந்து தோலுக்கும் மலத்துக்கும் நடுவே நிற்கும். கடையில் "டயப்பர் ராஷ் க்ரீம்" என்று பெயர் வைத்த எல்லாவற்றிலும் ஒரே அளவு ஜிங்க் இருக்காது. பின்பக்கம் திருப்பி சதவீதத்தைப் பாருங்கள். நாற்பது சதவீதம் வரைகூட உண்டு, புண் கடுமையாக இருந்தால் அளவு கூடியது நல்லது. முகத்துக்கு க்ரீம் தடவுவது போல் தேய்த்து மறைய வைத்தால் பிரயோசனமில்லை. தோல் தெரியாதபடி வெள்ளையாக, தடிமனாக அப்பி வைக்க வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவும் கூடாது. அழுக்கான மேல் பூச்சை மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சால் வழித்துவிட்டு, அதன்மேலேயே மறுபடி பூசுங்கள். தேய்த்துக் கழுவுவதே புதுப் புண் ஆகிவிடும். துணி டயப்பர்க்காரர்களுக்கு ஒன்று: இந்தக் க்ரீம் பட்டையில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சவிடாது. நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஆறும்வரை தூக்கிப் போடும் டயப்பருக்கு மாறிவிடுங்கள்.

பவுடர் வேண்டாம். குளித்த குழந்தைக்குப் பவுடர் போடாவிட்டால் குளித்த மாதிரியே தோன்றாது நமக்கு, தெரியும். ஆனால் டால்க் தூள் மூச்சோடு போனால் குழந்தையின் நுரையீரலுக்கு ஆபத்து, தொடையிடுக்கில் ஈரத்தோடு சேர்ந்தால் கட்டி கட்டியாகி உராயும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுக்கவும் நிறுத்திவிட்டுச் சோளமாவுக்கு மாறியது. அங்கே நடந்த வழக்குகள் புற்றுநோயைப் பற்றியவை, அது வேறு கதை. நம் காரணம் மூச்சும் உராய்வும்தான். நலங்கு மாவையும் மஞ்சளையும் புண் ஆறும்வரை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு சலித்தாலும் மாவு மாவுதான், வெடித்த தோலைச் சுரண்டும்.

சிவப்பெல்லாம் ஒன்றல்ல

க்ரீமைத் தேர்ந்தெடுக்கும்முன் வெளிச்சத்தில் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். குழந்தையை மல்லாக்கப் போட்டு, ஒரு காலை மெல்ல விலக்கி, தொடையிடுக்கு மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் உள்ளே தோல் இயல்பாக இருந்து, டயப்பர் நேராக உரசுகிற பிட்டமும் தொடையும் மட்டும் சிவந்திருந்தால் அது ஈரத்தாலும் உராய்வாலும் வந்தது. மேலே சொன்னவையே போதும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

மடிப்பின் ஆழத்திலேயே பச்சைப் புண் போல் ரத்தச் சிவப்பாக இருந்து, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் சிதறியிருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தால் போகாத வெள்ளைப் படை இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் அதே பூஞ்சைதான். இதற்கு ஜிங்க் மட்டும் போதாது. க்ளோட்ரிமசோல் மாதிரியான பூஞ்சை மருந்து வேண்டும், எத்தனை நாள் என்பதைக் குழந்தை டாக்டர் சொல்லட்டும். முதலில் அந்த மருந்தை மெல்லியதாகப் பூசி, அது இறங்கிய பிறகு மேலே ஜிங்கைப் போடலாம். சிவப்பு மறைந்த அன்றே நிறுத்தினால் திரும்ப வந்து நிற்கும்.

மலவாயைச் சுற்றி வட்டம் போட்டாற்போல் பளிச்சென்ற சிவப்பு, மலம் போகும்போது வீறிட்டு அழுவது என்றால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். புண் அடிப்பகுதியில் மட்டுமின்றி வாயைச் சுற்றியும் கைகால் விரல்களிலும் வந்து, கூடவே வயிற்றுப்போக்கும் இருந்தால் உடலில் துத்தநாக (ஜிங்க்) குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரிதுதான், ஆனால் மாதக்கணக்கில் க்ரீம் மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்கிற வீடுகள் இதை யோசிப்பதே இல்லை. காய்ச்சல், கொப்புளம், சீழ், ரத்தக்கசிவு, அல்லது பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்.

மருந்துக்கடையில் "குழந்தைக்கு அடியில் சிவந்திருக்கு" என்றதும் எடுத்து நீட்டுகிற கலவைக் களிம்புதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே பீட்டாமெத்தசோன் அல்லது க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, மூன்றும் ஒரே ட்யூபில். ஒரே நாளில் சிவப்பு மங்கும், அதனால்தான் அது பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசாகப் போகிறது. குழந்தையின் தோல் மெல்லியது, டயப்பர் மூடி வைப்பதால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். நாளாக ஆகத் தோல் மெலிந்து போகும், அளவு மீறினால் உடலின் ஹார்மோன் சமநிலையே கெடலாம். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கவுன்டரில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது என்பது வேறு. டாக்டரே சில சமயம் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளுக்கு எழுதுவார், அது வேறு விஷயம், அவர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே அப்படி ஒன்றைப் பூசியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு பட்ட பூஞ்சை தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும், பொட்டுகள் மங்கிவிடும், ஓரம் கலைந்துவிடும். என்ன பூசினீர்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்று தெரியாமல் எந்த டாக்டருக்கும் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது கஷ்டம்.